வியட்நாமிலிருந்து நெல் உலர்த்தி இறக்குவது: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

படுவான்கரை மகன் (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். மட்டக்களப்பு கொக்கட்டிச்சோலைப் பக்கம் எங்களுக்குச் சிறிய அரிசி மில் ஒன்று இருக்கிறது. அப்பா காலத்து மில். இப்போது அண்ணனும் நானும் நடத்துகிறோம்.

சென்ற பெரும்போக அறுவடை தொடங்கிய கிழமையே மழை பிடித்துக்கொண்டது. முன்பெல்லாம் கையால் வெட்டி, கதிர்க்கட்டுகளைக் குவித்துச் சூடு வைத்து, மெல்ல மெல்ல அடிப்பார்கள். நெல் அதற்குள் பாதி காய்ந்துவிடும். இப்போது அறுவடை இயந்திரம் வயல் வட்டைக்குள் இறங்கினால் ஒரே நாளில் எல்லாம் முடிகிறது. அத்தனை ஈர நெல்லும் ஒரே நேரத்தில் வந்து குவிகிறது. வீதியோரம் படங்கு விரித்தோம். மழை இருட்டும்போதெல்லாம் சுருட்டினோம். மூன்றாம் நாள் மூடைக்குள் கையை விட்டால் உள்ளே சூடு. சில மூடைகளில் முளையும் கண்டது. அரசின் நெல் சந்தைப்படுத்தும் சபைக்குக் கொண்டுபோக 14 சதவீத ஈரப்பதன் வேண்டும்; எங்கள் நெல் 23இல் நின்றது. வந்த வியாபாரி சொன்ன விலைக்குக் கொடுத்தோம். மில்லுக்கு நெல் தரும் அயலவர்களுக்கும் அதே கதிதான். அவர்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மீகோங் கழிமுகப் பகுதியிலுள்ள ஒரு தொழிற்சாலையுடன் இரண்டு மாதமாகப் பேசி வருகிறேன். ஒரு தடவைக்கு 4 தொன் நெல் காயவைக்கும் உலர்த்தி, உமியில் எரியும் அடுப்பு, அதோடு அரிசி தீட்டும் இயந்திரம் ஒன்று. விலை கையில் இருக்கும் பணத்துக்குள் வருகிறது. எஃப்ஓபி ஹோ சி மின் நகரம் என்று போட்டிருக்கிறார்கள், அதாவது அங்கே கப்பலில் ஏற்றும்வரைதான் அவர்கள் செலவு. 30 சதவீதம் முற்பணம், மீதி கப்பலில் ஏற்றுமுன். இதுவரை நான் வெளிநாட்டிலிருந்து ஒரு ஆணிகூட இறக்கியதில்லை. பணத்தை எப்படி அனுப்புவது, கொழும்பில் என்ன வரி, இயந்திரம் எங்கள் நெல்லுக்குப் பொருந்துமா? தெரிந்தவர்கள் மனம் வைத்து எழுதுங்கள்.

சம்மாந்துறை மில்காரர்

தம்பி, மூடைக்குள் கையை விட்டால் சூடு என்று எழுதியிருந்தீர்கள். அந்தச் சூடு எனக்குத் தெரியும். நாடு என்னும் வகை நெல் 2 தொன் அப்படி மஞ்சளாகிப் போய், கோழித் தீனுக்குக் கொடுத்திருக்கிறேன்.

உலர்த்தியைப் பற்றி மற்றவர்கள் சொல்லட்டும். தீட்டும் இயந்திரத்தைப் பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் வியட்நாம் இயந்திரம் ஒன்று என் மில்லில் நான்கு வருடமாக ஓடுகிறது. கொழும்பிலுள்ள ஒரு இறக்குமதிக் கம்பனி மூலம் வாங்கினேன். இரும்பில் குறை சொல்ல முடியாது. சத்தம் குறைவு, அதிர்வு குறைவு, மின்சாரமும் நியாயமாகத்தான் இழுக்கிறது. ஆனால் முதல் ஆறு மாதம் நான் பட்ட பாடு!

காரணம் எளியது. அவர்கள் நாட்டில் பெரும்பாலும் விளைவது நீண்ட, மெல்லிய நெல். அவர்கள் அதைப் பச்சையரிசியாகவே தீட்டுகிறார்கள். நாங்கள் போடுவது நாடு, சம்பா, கீரிச்சம்பா. அதிலும் பாதி புழுங்கல். புழுங்கல் அரிசி கல்லுப்போல் இருக்கும்; ஒரு ஓட்டத்தில் தீட்டுப்படாது. அதன் தவிட்டில் எண்ணெய்ப் பசையும் அதிகம். அந்தத் தவிடு சல்லடைத் துளைகளில் அப்பிக்கொண்டு, காற்று போகாமல் அரிசி சூடேறி உடைந்தது. கீரிச்சம்பா போட்டால் குறுணி குறுணியாக வந்தது. விற்றவர்களைக் கேட்டால், இயந்திரம் சரி, உங்கள் நெல்தான் பிழை என்றார்கள். கடைசியில் கல்முனையில் ஒரு லேத் பட்டறையில் வேறு துளையளவில் சல்லடை அடித்து, அழுத்தும் எடையையும் மாற்றிய பிறகுதான் வழிக்கு வந்தது.

ஒரு நாடு எந்த அரிசியைச் சாப்பிடுகிறதோ அந்த அரிசிக்குத்தான் அங்கே இயந்திரம் செய்வார்கள். விலைப்பட்டியலைப் பார்க்குமுன் இதைக் கேளுங்கள்: புழுங்கல் நெல்லில் இது ஓடி நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? ஆம் என்றால் காணொளி அனுப்பச் சொல்லுங்கள்.

ஏறாவூர் வியாபாரி

தம்பி, எனக்கு மில் தெரியாது. செருப்பும் பாதணியும்தான் என் தொழில். ஆனால் வியட்நாமியரோடு ஐந்து வருடமாகக் கொடுக்கல் வாங்கல் இருக்கிறது, அதனால் பணத்தைப் பற்றி எழுதுகிறேன்.

பாதணி ஏற்றுமதியில் சீனாவுக்கு அடுத்த நாடு அது. 2024இல் அவர்களுடைய மொத்த ஏற்றுமதி 400 பில்லியன் டொலரைத் தாண்டியது. இதை அவர்களைப் புகழ்வதற்காகச் சொல்லவில்லை. பெரிய பெரிய கம்பனிகளுக்கு லட்சக்கணக்கில் செய்து பழகிய இடத்தில், 600 சோடி கேட்கும் என்னையும் ஒரு இயந்திரம் கேட்கும் உங்களையும் வரிசையின் கடைசியில்தான் நிறுத்துவார்கள். தொழிற்சாலை நேரடியாகப் பேசுகிறதா, இடையில் ஒரு தரகர் கம்பனி பேசுகிறதா என்பதை முதலில் கண்டுபிடியுங்கள். தரகர் என்றால் கெட்டவர் என்பதில்லை; சிறிய ஓடருக்கு அவர்தான் உதவுவார். ஆனால் பழுது வரும்போது யார் பொறுப்பு என்பது எழுத்தில் இருக்க வேண்டும்.

இரண்டாவது, இதைக் கவனமாக வாசியுங்கள். எனது மூன்றாவது ஓடரில், மீதிப் பணம் கட்டும் நாளுக்கு முதல்நாள் ஒரு மின்னஞ்சல் வந்தது. வங்கிக் கணக்கு மாறிவிட்டது, கணக்காய்வு நடக்கிறது, புதிய கணக்குக்கு அனுப்புங்கள் என்று எழுதியிருந்தது. அதே பெயர், அதே கையொப்பம், அதே எழுத்து நடை. முகவரியில் ஒரே ஒரு எழுத்துத்தான் வித்தியாசம். எனக்கு அது தெரியவேயில்லை. வங்கியில் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தபோது, பெறுநரின் பெயர் கம்பனிப் பெயராக இல்லாமல் ஒரு தனி ஆளின் பெயராக இருப்பதை அங்கே வேலை செய்யும் தங்கச்சிதான் காட்டினாள். உடனே முன்பு பேசிய தொலைபேசி இலக்கத்துக்கு எடுத்தேன். அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. அவர்களுடைய அஞ்சலுக்குள் யாரோ புகுந்திருக்கிறார்கள். அன்றைக்கு அந்தத் தங்கச்சி கவனிக்காவிட்டால் எனது இரண்டு வருட இலாபம் போயிருக்கும்.

ஆகவே, கணக்கு மாறியது என்று எப்போது செய்தி வந்தாலும், மின்னஞ்சலில் பதில் எழுதாதீர்கள். குரலைக் கேளுங்கள், முகத்தைப் பாருங்கள்.

உங்கள் தொகை பெரிது. வங்கியில் நாணயக் கடிதம் திறக்கலாமா என்று கேளுங்கள். கட்டணம் உண்டு, ஆவண வேலையும் அதிகம். ஆனால் கப்பலில் ஏற்றிய ஆவணம் காட்டினால்தான் அவர்களுக்குப் பணம் போகும். நாணயக் கடிதத்துக்கு அவர்கள் சம்மதிக்காவிட்டால், 30 சதவீதம் முதலில், மீதி கப்பல் ஆவணத்தின் பிரதியைப் பார்த்த பிறகு என்று பேரம் பேசுங்கள். ஏற்றுமுன் என்பதை அப்படியே ஏற்காதீர்கள்.

கொழும்பில் இருக்கும் மட்டக்களப்பான்

நான் கிளியரிங் வேலையில் இருக்கிறேன். சுங்கப் பக்கத்தைச் சொல்கிறேன்.

தம்பி, முதலில் மில்லின் வியாபாரப் பதிவு, வரி செலுத்துநர் அடையாள இலக்கம் இரண்டும் சரியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். அதை வைத்துச் சுங்கத்தில் இறக்குமதியாளராகப் பதிய வேண்டும். பொருள் துறைமுகத்துக்கு வந்தபிறகு இதற்கு ஓடினால் நாளுக்கு நாள் களஞ்சியக் கட்டணம் ஏறும்.

எச்எஸ் குறியீடு, அதாவது சுங்கம் பொருளை வகைப்படுத்தும் இலக்கம், முக்கியம். உலர்த்தி 8419இன் கீழ் வரும். நெல் குத்தி, அரிசி தீட்டும் இயந்திரங்கள் 8437இன் கீழ் வரும். அவற்றின் உதிரிப்பாகங்கள் 8437.90. ஆனால் மோட்டாரையோ பெல்ட்டையோ தனியாகப் பட்டியலில் போட்டால் அவை வேறு குறியீட்டுக்குப் போய்விடும், வரியும் மாறும். ஆகவே விலைப்பட்டியலை அவர்கள் எழுதுமுன் ஒரு கிளியரிங் ஏஜென்டிடம் கேளுங்கள்.

வரி எப்படி ஏறுகிறது என்பதற்கு ஒரு கணக்கு. கப்பல் கூலியும் காப்புறுதியும் சேர்ந்து கொழும்பில் பெறுமதி 10 இலட்சம் ரூபா என்று வையுங்கள். சுங்கத் தீர்வை இல்லை, துறைமுக விமான நிலைய அபிவிருத்தி வரி 10 சதவீதம் என்று எடுத்தால் அது 1 இலட்சம். பெறுமதி சேர் வரி 18 சதவீதம். ஆனால் அது வெறும் 10 இலட்சத்தில் இல்லை. பெறுமதியோடு அதன் 10 சதவீதமான 1 இலட்சத்தைக் கூட்டி, மேலே சொன்ன அபிவிருத்தி வரி 1 இலட்சத்தையும் கூட்டிய 12 இலட்சத்தில் கணக்கிடுவார்கள்: 2 இலட்சத்து 16 ஆயிரம். சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பு வரி அதே 12 இலட்சத்தில் 2.5 சதவீதம், 30 ஆயிரம். ஆக, வரி மட்டும் 3 இலட்சத்து 46 ஆயிரம். எந்தக் குறியீட்டுக்கு எந்த வீதம் என்பது வர்த்தமானியில் மாறிக்கொண்டே இருக்கும். சில இயந்திரங்களுக்குச் சலுகை உண்டு. ஓடர் கொடுக்கும் கிழமையில் ஒரு தடவை பாருங்கள்.

மரப் பெட்டியில் அடைத்து வந்தால், அந்த மரம் சூடேற்றியோ புகையூட்டியோ பதப்படுத்தப்பட்டது என்ற ஐஎஸ்பிஎம் 15 முத்திரை பலகையில் இருக்க வேண்டும். முத்திரையில்லாத இரண்டு பலகைக்காக ஒரு பொருள் கிழமைக்கணக்கில் நின்றதை நான் கண்டிருக்கிறேன்.

இன்னொன்று. பலருடைய பொருளைச் சேர்த்து ஏற்றும் பகிர்வுக் கொள்கலனில் கொழும்புவரை மிகவும் மலிவாகக் கொண்டுவருவோம் என்று சொன்னால் மகிழாதீர்கள். அங்கே குறைத்ததை இங்கே பிரித்தெடுக்கும் கட்டணத்தில் வாங்கிவிடுவார்கள். கொழும்பில் என்னென்ன கட்டணம் என்று முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள்.

நிந்தவூர் இளையவன்

ஒரு சிறிய கேள்வி. எங்கள் ஒலுவிலிலேயே துறைமுகம் இருக்கிறதே? ஏன் கொழும்புக்குப் போக வேண்டும்?

கொழும்பில் இருக்கும் மட்டக்களப்பான்

தம்பி, ஒலுவில் துறைமுகம் 2013இல் திறக்கப்பட்டது. வாயில் மணல் மூடிக்கொண்டே வந்தது; வணிகக் கப்பல் ஓடும் துறைமுகமாக அது வளரவேயில்லை. வடக்குப் பக்கக் கரையைக் கடல் தின்றதை நிந்தவூர்க்காரரான உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கொள்கலன் கொழும்புக்குத்தான் வரும். அங்கிருந்து லொறி.

லொறி என்றதும் நினைவு வருகிறது: படுவான்கரை மகன், உங்கள் மில்லுக்குப் போகும் பாதையில் கொள்கலன் லொறி திரும்புமா? மண்முனைப் பாலம் கடந்து வரலாம், உள்வீதியில் சிக்கும். கொழும்பிலேயே பிரித்து சாதாரண லொறியில் ஏற்றுங்கள். இறக்குவதற்குக் கிரேன் யார் தருவார் என்பதையும் இப்போதே பாருங்கள்.

களுவாஞ்சிகுடிக் கந்தர்

எல்லோரும் வியட்நாம் வியட்நாம் என்கிறீர்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. இந்தியாவுடன் எங்களுக்குத் தடையற்ற வர்த்தக உடன்படிக்கை 2000ஆம் ஆண்டிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. சீனாவும் ஆசிய பசிபிக் வர்த்தக உடன்படிக்கையில் எங்களோடு இருக்கிறது. வியட்நாமுடன் அப்படி ஒன்றும் இல்லை. தீர்வைச் சலுகை கிடைக்கும் இடத்தை விட்டு ஏன் அங்கே போக வேண்டும்? தமிழ்நாட்டில் புழுங்கல் நெல்லுக்கென்றே இயந்திரம் செய்கிறார்கள். பழுது வந்தால் தமிழிலேயே பேசலாம். என் மில்லில் கோயம்புத்தூர் இயந்திரம் 11 வருடம் ஓடுகிறது. உதிரிப்பாகம் கப்பலில் ஒரு கிழமையில் வருகிறது.

சம்மாந்துறை மில்காரர்

கந்தர் அண்ணன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. தீட்டும் இயந்திரத்தைப் பொறுத்தவரை நானும் இனி அந்தப் பக்கம்தான் பார்ப்பேன். நான் முதலில் எழுதியதும் அதுதான்: புழுங்கலுக்குப் புழுங்கல் சாப்பிடுகிறவர்களின் இயந்திரம். ஆனால் உலர்த்தி அப்படியா என்று எனக்குத் தெரியவில்லை.

அம்பாறைப் பொறியியலாளர்

உலர்த்தி அப்படியல்ல. நான் விவசாய இயந்திரத் துறையில் இருக்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வியட்நாம் 1986இல் பொருளாதாரத்தைத் திறந்துவிட்டது. அதுவரை அரிசிக்குத் தட்டுப்பாடு இருந்த நாடு, 1989இல் 10 இலட்சம் தொன்னுக்கு மேல் அரிசி ஏற்றுமதி செய்தது. ஒரு போகத்துக்குப் பதில் இரண்டு மூன்று போகம் விதைத்தார்கள். அதனால் மீகோங் பகுதியில் ஒரு போகத்தின் அறுவடை நடு மழைக்காலத்தில் வந்து விழுந்தது. படுவான்கரை மகன் எழுதிய அதே நிலை, ஊர் முழுக்க. அந்த நெருக்கடியில் பிறந்ததுதான் அவர்களுடைய தட்டுப் படுக்கை உலர்த்தி. தேவை அங்கே உண்மையானது. ஆகவே இந்தப் பொருளில் அவர்களுடைய அனுபவத்தை நான் நம்புகிறேன்.

இப்போது அது என்ன என்று பாருங்கள். செங்கல்லால் கட்டிய ஒரு தொட்டி. நடுவில் துளையிட்ட தகட்டுத் தளம். தளத்தின் மேல் சுமார் ஓரடி உயரத்துக்கு நெல். கீழே ஒரு விசிறி சூடான காற்றைத் தள்ளுகிறது. சூடு உமி அடுப்பிலிருந்து வருகிறது. பச்சையரிசிக்கான நெல் என்றால் காற்று 43 பாகை செல்சியஸ் அளவில் நிற்க வேண்டும். அதைத் தாண்டினால் நெல்லுக்குள் அரிசி வெடித்து, தீட்டும்போது நொறுங்கும். விதை நெல்லென்றால் இன்னும் கவனம். 4 தொன் காய ஏறத்தாழ 8 முதல் 10 மணி நேரம். மாலையில் கொட்டினால் காலையில் எடுக்கலாம்.

இதில் இங்கேயே செங்கல்லால் கட்டக்கூடிய தொட்டிக்கும் தகட்டுக்கும் டொலர் கொடுத்து, கப்பலேற்றி, 18 சதவீத வரியும் கட்ட வேண்டுமா? உங்கள் விலைப்பட்டியலில் எடையில் பெரும்பகுதி அந்தத் தகட்டுத் தொட்டியாகத்தான் இருக்கும். இங்கே செய்ய முடியாதது விசிறி ஒன்றுதான். அதன் இலைகளின் வளைவும், இலைக்கும் உறைக்கும் இடையிலான மயிரிழை இடைவெளியும்தான் காற்றின் அளவைத் தீர்மானிக்கின்றன. நெல் படுக்கையை ஊடுருவிப் போகும் அழுத்தம் இல்லாத விசிறியை வைத்தால் அடிநெல் கருகும், மேல்நெல் ஈரமாகவே இருக்கும். ஆகவே என் யோசனை: விசிறியையும் அடுப்பின் வரைபடத்தையும் அவர்களிடம் வாங்குங்கள். தொட்டியை இங்கே கட்டுங்கள். விசிறிக்கு, எத்தனை அழுத்தத்தில் வினாடிக்கு எத்தனை கனமீற்றர் காற்று என்ற சோதனை அட்டவணையைக் கேளுங்கள். அட்டவணை தராதவரிடம் வாங்க வேண்டாம்.

மின்சாரம் பிரச்சினையில்லை. அங்கே மும்முனை 380 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். இங்கே 400, 50. மோட்டார் ஓடும். மும்முனை இணைப்பு இல்லையென்றால் மோட்டார் இல்லாமல் வாங்கி டீசல் என்ஜினில் பெல்ட் போட்டும் ஓட்டலாம். அங்கே அப்படித்தான் பல ஊர்களில் ஓடியது.

இலாபக் கணக்கில் ஒன்றை மறக்காதீர்கள். 23 சதவீத ஈரத்தில் 1,000 கிலோ நெல் 14க்கு இறங்கும்போது சுமார் 895 கிலோதான் இருக்கும். அந்த 105 கிலோ தண்ணீர். அயலவர் நெல்லைக் கூலிக்குக் காயவைக்கும்போது, போடுமுன் ஈரமானியால் அளந்து அவர் கண்முன்னே எழுதுங்கள். இல்லாவிட்டால் நெல் குறைந்துவிட்டது என்று உறவு முறியும்.

ஏறாவூர் வியாபாரி

பொறியியலாளர் ஐயா எழுதியதை என் கணவருக்கு வாசித்துக் காட்டினேன். அவர் இரண்டு ஏக்கர் செய்கிறார். எங்கள் ஊருக்கும் ஒன்று வேண்டும் என்றார்.

நாள்களைப் பற்றி நான் சொல்ல மறந்தது ஒன்று. அவர்களுடைய புத்தாண்டு தெத். 2027இல் அது பெப்ரவரி 6. அதற்கு முன்னும் பின்னுமாக இரண்டு கிழமைக்கு மேல் தொழிற்சாலை உறங்கும். வேலையாட்கள் ஊருக்குப் போனால் எல்லோரும் திரும்பி வருவதும் இல்லை. எனக்கு ஒரு தடவை ஏப்ரல் சித்திரைப் புத்தாண்டு வியாபாரமே அதனால் தவறியது. உங்களுக்கு அந்த நாள்தான் பெரும்போக அறுவடை.

அம்பாறைப் பொறியியலாளர்

உண்மை. இன்னொன்றும் சேர்ந்து வருகிறது. அவர்களுடைய மிகப் பெரிய போகமும் பெப்ரவரி, மார்ச்சில்தான் அறுவடை. ஆகவே மார்கழி, தை மாதங்களில் அங்கேயுள்ள மில்காரர்களே விசிறிக்கு வரிசையில் நிற்பார்கள். ஆவணி முடிவதற்குள் முற்பணம் போய்விட வேண்டும்.

செங்கலடி இரும்புப் பட்டறை

துளைத் தகட்டுத் தளமும் தாங்கிச் சட்டமும் நான் செய்து தருவேன். உமி அடுப்பு ஏற்கெனவே இரண்டு மில்லுக்குக் கட்டியிருக்கிறேன், நெல் புழுக்குவதற்கு. வரைபடம் காட்டினால் விலை சொல்கிறேன். ஒரு கேள்வி: அடுப்பிலிருந்து தீப்பொறி விசிறிக்குள் போகாமல் என்ன தடுப்பு? நெல்லில் பொறி விழுந்தால் மில்லே போகும்.

அம்பாறைப் பொறியியலாளர்

மிக நல்ல கேள்வி. அடுப்புக்கும் விசிறிக்கும் நடுவில் ஒரு சுழல் அறை வேண்டும். சாம்பலும் பொறியும் அதில் சுற்றிக் கீழே விழும், சுத்தமான சூடு மட்டும் மேலே போகும். வரைபடத்தில் அது இருக்கிறதா என்று படுவான்கரை மகன் பார்க்கட்டும். இல்லையென்றால் நான் அளவு தருகிறேன்.

படுவான்கரை மகன்

இரண்டு இரவாக இந்த இழையை அண்ணனோடு சேர்ந்து திரும்பத் திரும்ப வாசித்தேன். உங்கள் எல்லோருக்கும் நன்றி. முகம் தெரியாத என்னைத் தம்பியாக நினைத்து எழுதியிருக்கிறீர்கள்.

நேற்று தொழிற்சாலையோடு காணொளியில் பேசினேன். சம்மாந்துறைக் காக்கா சொன்ன கேள்வியைக் கேட்டேன். தீட்டும் இயந்திரம் புழுங்கல் நெல்லில் ஓடிக் கண்டதில்லை என்று நேர்மையாகச் சொன்னார்கள். அதை ஓடரிலிருந்து எடுத்துவிட்டேன். எங்கள் நெல் 25 கிலோ அனுப்பிச் சோதிக்கலாமா என்றும் கேட்டேன். தாவர சுகாதாரச் சான்றிதழ், அங்கே அனுமதி என்று நீண்டது. விட்டுவிட்டேன். தீட்டும் இயந்திரத்துக்குக் கந்தர் அண்ணனின் மில்லை ஒரு நாள் வந்து பார்க்க அனுமதி தாருங்கள்.

விசிறியை மட்டும் கேட்டபோது முதலில் தயங்கினார்கள். பிறகு சம்மதித்தார்கள், சோதனை அட்டவணையும் அனுப்பினார்கள். விலை முன்பு சொன்னதில் மூன்றில் ஒன்றுக்குச் சற்று அதிகம். வரைபடம் இலவசம். மீதிப் பணம் கப்பல் ஆவணத்தின் பிரதியைப் பார்த்த பிறகு என்பதற்கும் ஒத்துக்கொண்டார்கள். சுழல் அறை வரைபடத்தில் இருக்கிறது, ஆனால் அளவுகள் தெளிவாக இல்லை. ஐயாவுக்கு அனுப்பி வைக்கிறேன்.

சம்மாந்துறை மில்காரர்

நல்லது தம்பி. விசிறியோடு இரண்டு சோடி பெயாரிங் கூடவே கேளுங்கள். பெயாரிங்கின் இலக்கத்தை எழுதி அனுப்பச் சொல்லுங்கள். பொது இலக்கமாக இருந்தால் மட்டக்களப்பிலேயே கிடைக்கும். அவர்களுக்கென்று தனி அளவு என்றால், மாற்றித் தரச் சொல்லுங்கள். பெப்ரவரியில் விசிறி நின்றால் கப்பலைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

படுவான்கரை மகன்

கேட்டுவிட்டேன் காக்கா. பொது இலக்கம்தான்.

செங்கலடி அண்ணன், ஞாயிறு காலை வர முடியுமா? தான்தோன்றீஸ்வரர் கோயிலடியில் நிற்கிறேன். மேசனையும் அன்றைக்கே கூப்பிட்டிருக்கிறேன், தொட்டிக்குக் கயிறு பிடிக்க. மில்லின் தெற்குப் பக்கத்தில் இடம் விட்டிருக்கிறோம். பெரும்போகக் காற்று வடகிழக்கிலிருந்து வருவதால் புகை வீட்டுப் பக்கம் போகாது என்று அம்மா சொல்கிறார்.

செங்கலடி இரும்புப் பட்டறை

ஏழு மணிக்கு வருகிறேன். தகட்டின் துளையளவை மட்டும் இன்றைக்கே அனுப்புங்கள், சனிக்கிழமை கடை பூட்டுமுன் தகடு பார்க்க வேண்டும்.